கொளுவாத கதவு

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் முல்லைத்தீவுக்கு வரும் தெருக்கள் எல்லாம் அறுந்துபோயின. உடைப்பெடுத்த குளங்களின் தண்ணீர் வயல்களின் மேலால் வந்து நந்திக்கடலில் இறங்க, நந்திக்கடல் கரையேறித் தெருவை மூடியது. தந்திக் கம்பங்கள் சரிந்து, கம்பிகள் தண்ணீருக்குள் கிடந்தன. பஸ் வரவில்லை, தபால் வரவில்லை. வந்தது ஒரு சின்ன விமானம் மட்டும்தான்.

அது கொழும்புப் பக்கத்தில் இருந்த ஒரு பறப்புக் கழகத்துக்குச் சொந்தமானது. நாலு பேர் இருக்கலாம். இறக்கை தலைக்கு மேலே. பக்கத்துக்கு ஒரு கதவு. வெள்ள நிவாரணத்துக்காக அதை வவுனியாவில் இரண்டாம் உலக யுத்த காலத்தில் போட்ட ஓடுபாதைக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஓட்டியவன் பரமலிங்கம். யாழ்ப்பாணத்தான், முப்பது கடந்தவன், மணமாகாதவன். மற்றவர்களுக்குப் பறக்கப் பழக்குவதுதான் கழகத்தில் அவனுடைய வேலை. புறப்பட முன்னர் விமானத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்காமல் ஏறமாட்டான். அவனிடம் பழகியவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

மற்ற நாட்களில் அவன் மேலிருந்து பாணும் மாவும் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். அன்றைக்குக் கொண்டுவந்தது கண்ணாடிப் போத்தல்களில் மருந்து, எறிய முடியாது. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கடற்கரையில் ஈரமண் இறுகிக் கிடந்த ஒரு நீளத்தை மேலே நின்று இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதில் இறக்கினான். சனம் ஓடிவந்தது. மருந்துப் பெட்டிகளை இறக்கி முடிவதற்குள், வெள்ளைச் சீலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் மணலில் ஓடிவந்தாள். அந்த ஊரில் பிரசவம் பார்க்க மாற்றலாகி வந்திருந்த மருத்துவமாது, விமலேஸ்வரி.

"ஐயா, நீங்கள் உடனை திரும்பப் போறியளோ?"

"ஓம். மழை திரும்ப வரப்போகுது."

"ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோகவேணும். பிள்ளை குறுக்கை கிடக்குது. ஒரு கை வெளியிலை வந்திட்டுது. இஞ்சை வெட்டி எடுக்கிறதுக்கு ஆக்கள் இல்லை. வவுனியா ஆஸ்பத்திரியிலை சத்திரசிகிச்சை டொக்டர் இருக்கிறார்."

பரமலிங்கம் விமானத்தைத் திரும்பிப் பார்த்தான். "மிஸி, இதுக்குள்ளை படுக்க இடமில்லை."

"முன்கதிரையைக் கழட்டேலாதோ?"

அவன் யோசித்தான். கழற்றலாம். இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். திருகுசாவி எடுத்துக் கதிரையின் பூட்டாணிகளைத் திருகத் தொடங்கினான்.

யூலிற்றாவை அவளுடைய புருஷன் கிறகோரியும் அவனுடைய தமையன் கொன்ஸ்ரன்ரைனும் வள்ளத்துப் பலகை ஒன்றில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு இது முதற்பிள்ளை. நேற்றுக் காலையிலிருந்து வலி. முகம் சாம்பல் பூத்திருந்தது; ஆனாலும் நினைவு தெளிவாக இருந்தது. பலகையைத் தலைப்பக்கம் பின்னுக்கும் கால்பக்கம் முன்னுக்குமாக, வலது கதவோரம் நீளவாட்டில் வைத்தார்கள். ஆட்டத்தில் பலகை நகராமல் இருக்கக் கிறகோரி தூண்டில் கயிற்றால் அதைத் தளத்திலிருந்த இரும்பு வளையங்களோடு கட்டினான். அவளையும் பலகையோடு சேர்த்து, நெஞ்சுக்குக் கீழும் முழங்காலிலும் கட்டினான். கடலில் கட்டிப் பழகிய கை. முடிச்சுகள் வேகமாக விழுந்தன. விமலேஸ்வரி பின்கதிரையில் அவளுடைய தலைமாட்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு வெள்ளை விரிப்பை அவள் மேல் போர்த்தினாள்.

"நானும் வரலாமோ ஐயா?" என்று கிறகோரி கேட்டான்.

"ஏலாது தம்பி. மண் ஈரம். இன்னொரு ஆள் ஏறினால் எழும்பாது."

கிறகோரி தலையை உள்ளே நீட்டி மனைவியின் காதில் ஏதோ சொன்னான். பிறகு கதவைச் சாத்தினான். அவன் வாழ்க்கையில் அப்படியொரு கதவை அன்றுதான் தொடுகிறான். பிடியைக் கீழே திருப்பு என்று பரமலிங்கம் உள்ளேயிருந்து கையால் காட்டினான். கிறகோரி திருப்பினான். பிடி கீழே போயிற்று. விரிப்பின் ஒரு நுனி கதவுக்கும் நிலைக்கும் இடையில் மடிந்து அகப்பட்டிருந்தது. அதனால் கொளுக்கி தன் குழியில் முழுவதுமாக விழவில்லை. வெளியில் நின்றவனுக்கு அது தெரியவில்லை. உள்ளே இருந்தவனுக்குப் பிடி கீழே இருந்தது தெரிந்தது; அது போதும் என்று நினைத்தான். வடக்கே கடலின் மேல் மழை கறுத்து நின்றது. மற்ற நேரமென்றால் இறங்கி வந்து கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்திருப்பான்.

விமானம் மணலை உழுதுகொண்டு ஓடியது. கடைசியில் எழும்பியது. பரமலிங்கம் அதை வலப்புறம் திருப்பி நந்திக்கடலின் மேலால் கொண்டுவந்தபோது, துவக்கு வெடித்தது போலச் சத்தம் கேட்டது. வலது கதவு திறந்துகொண்டது.

காற்று உள்ளே பாய்ந்து இரைந்தது. யூலிற்றாவின் மேலிருந்த விரிப்பு ஒரே இழுப்பில் எழும்பிக் கதவிடுக்கு வழியாக வெளியே போய்விட்டது. விமலேஸ்வரியின் மடியில் இருந்த பஞ்சுப் பொட்டலம் பிரிந்து பஞ்சு கூரையெல்லாம் ஒட்டியது. கதவு அகலத் திறக்கவில்லை. முன்பக்கத்தில் பிணைச்சல் இருந்ததால், எதிர்க்காற்று அதை அழுத்தி, நாலு விரல் இடைவெளியில் நிறுத்தி வைத்திருந்தது. அந்த இடைவெளியில் கீழே தண்ணீர் ஓடுவது தெரிந்தது.

விமலேஸ்வரி அதைப் பார்த்தாள். அவள் அதற்கு முன் விமானத்தில் ஏறியதில்லை. இது இப்படித்தான் இருக்குமோ, அல்லது ஏதும் பிழையோ என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் வெட்கக்கேடாகிவிடுமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு முன்னே குனிந்து கத்தினாள்.

"ஐயா! கதவு இப்பிடித்தான் இருக்குமோ?"

"இல்லை," என்றான் பரமலிங்கம். பின்பு, "பயப்பிடாதேங்கோ," என்று சேர்த்துக்கொண்டான்.

திரும்பிப் போய் இறங்குவதா என்று அவன் யோசித்தான். கடற்கரை குறுகலானது. முதல்முறை இறங்கியதில் சில்லு உழுது பள்ளம் விழுந்திருந்தது. இறங்கினாலும் இன்னொருமுறை எழும்ப முடியும் என்பது நிச்சயமில்லை. மழை வந்தால் நிச்சயமாக முடியாது. கதவு திறந்திருப்பதால் விமானம் விழுந்துவிடாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். கதவு ஆளைக் கொல்வதில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கொல்லும் என்று தன்னிடம் பழகியவர்களுக்கு அவனே சொல்லியிருக்கிறான். கதவு திறந்தால் விட்டுவிடு, விமானத்தை ஓட்டு, நல்ல இடத்தில் இறங்கு. அவன் படித்ததும் படிப்பித்ததும் அதுதான்.

ஆனாலும் கை போயிற்று. அவனுடைய கண்ணுக்கு முன்னால் கட்டுண்டு கிடந்த ஒரு பெண்ணின் கால்கள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தன. கதவின் உட்பிடி அவளுடைய முழங்காலுக்கு அப்பால், எட்டினால் பிடித்துவிடலாம் போல இருந்தது. இடது கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினான். விரல் நுனி பட்டது, பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் சரிந்தான். பிடியை எட்டிப் பிடித்து இழுத்தான். கதவு வரவில்லை. காற்று அதை உள்ளே தள்ளவும் செய்தது, வெளியே உறிஞ்சவும் செய்தது. இன்னொருமுறை, உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தான்.

"ஐயா! முன்னுக்குப் பாருங்கோ!"

அவன் நிமிர்ந்தான். கண்ணாடி முழுவதும் பச்சையாக இருந்தது. சரிந்த நேரத்தில் தோள் சுக்கானைத் தள்ளியிருந்தது. மூக்கு கீழே போய், வலது இறக்கை சாய்ந்து, விமானம் காட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பாலை மரங்களின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு மரத்தில் நனைந்துபோய் இருந்த குரங்குகள் தெரிந்தன. அவன் இறக்கையை மட்டமாக்கி, இரண்டு கையாலும் சுக்கானை இழுத்தான். எஞ்சின் அழுதது. சில்லுகள் ஏதோ கொப்பில் உரசியது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு மரங்கள் கீழே போயின.

பரமலிங்கத்தின் கழுத்தால் வியர்வை ஓடியது. காற்றில் அது உடனே குளிர்ந்தது. தன்னிடம் பழகும் ஒருவன் இதைச் செய்திருந்தால் அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பான் என்று நினைத்தான்.

"மிஸி," என்று முன்னே பார்த்தபடி கத்தினான். "நான் இனி அந்தக் கதவைப் பாக்கமாட்டன். நீங்களும் அதைத் தொடாதேங்கோ. அது அப்பிடியே கிடக்கட்டும். அவாவைப் பாத்துக்கொள்ளுங்கோ."

"சரி ஐயா."

யூலிற்றா கண் திறந்தாள். "மிஸி, குளிருது. அந்தக் கதவைச் சாத்தச் சொல்லுங்கோவன்."

விமலேஸ்வரி தன் சீலைத் தலைப்பை விரித்து அவள் மேல் போட்டு, அதன் மேல் தானும் குனிந்து, காற்று படாமல் மறைத்தாள். "அது சாத்தேலாதாம் பிள்ளை. கொஞ்சத் தூரம்தான். பொறுத்துக்கொள்."

"பிளேனெண்டா இவ்வளவு குளிரோ?" என்றாள் யூலிற்றா. அடுத்த வலி வந்து அவளுடைய பேச்சை வெட்டியது.

அந்த வலி நின்றபோது விமலேஸ்வரி சீலையின் கீழால் கை நீட்டி, வெளியே வந்திருந்த குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்தாள். வீங்கி, நீலம் பாரித்து, சில்லென்று இருந்தது. உள்ளங்கையில் தன் விரலை வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். குழந்தையின் விரல்கள் மெதுவாக மடிந்தன. அவள் அதை யாருக்கும் சொல்லவில்லை. இனி வவுனியா சேரும்வரை அடிக்கடி அதைத் தொட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய வேலையாக இருந்தது.

ஒட்டுசுட்டான் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பரமலிங்கம் முகிலுக்குக் கீழே இறங்கித் தெருவைத் தேடினான். கீழே எது குளம், எது வயல் என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டு பக்கமும் காடு ஒதுங்கி நின்ற ஒரு கோடு மட்டும் தெரு என்று தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனான். கதவிடுக்கால் மழை ஊசியாக உள்ளே வந்தது. விமலேஸ்வரியின் முதுகு முழுதும் நனைந்தது. கதவு இடைக்கிடை நிலையில் மோதித் தட்டியது. ஒவ்வொரு தட்டுக்கும் பரமலிங்கத்தின் தலை அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. அவன் திரும்பவில்லை. புளியங்குளத்தில் தண்டவாளம் தெரிந்தபோதுதான் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. தண்டவாளத்தோடு தெற்கே போனால் வவுனியா.

இறங்கும்போது வழக்கத்திலும் கூடிய வேகத்தில் வந்தான். வேகம் குறைந்தால் கதவைப் பிடித்து வைத்திருக்கும் காற்றும் குறையும். ஓடுபாதை நீளமானது, அந்த வேகத்துக்கு இடம் இருந்தது. சில்லு தரையைத் தொட்டு, விமானம் ஓடி, வேகம் விழுந்த பின்னர்தான் கதவு தன்பாட்டில் முழுவதுமாகத் திறந்தது. யூலிற்றா தலையைத் திருப்பி, புல்லும் தண்ணீரும் பக்கத்தால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நிவாரண லொறி ஒன்று அங்கே நின்றது. அதிலேயே அவளைப் பலகையோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். கிறகோரியின் முடிச்சுகளை அவிழ்க்க முடியாமல், ஆஸ்பத்திரியில் கத்தியால் வெட்டினார்கள். அன்று மத்தியானம் டொக்டர் அவளுடைய வயிற்றை வெட்டிப் பெண்குழந்தை ஒன்றை உயிரோடு எடுத்தார்.

பரமலிங்கம் விமானத்தடியில் நின்று கதவைத் திறந்து திறந்து சாத்திப் பார்த்தான். ஒன்றும் உடையவில்லை. கொளுக்கியின் இடுக்கில் வெள்ளை நூல் கொஞ்சம் சிக்கியிருந்தது. அவனுக்கு விளங்கிவிட்டது. நூலை இழுத்து எடுத்து எறிந்துவிட்டு, நனைந்த தளத்தைச் சாக்கால் துடைத்தான். பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தான். தாயும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்றார்கள். அடுத்த நாள் மழையில் பறக்க முடியவில்லை. அதன் பிறகு அக்கராயன் பக்கம் குளத்துத் தண்ணீர் சூழ்ந்து சனம் மேட்டில் நிற்கிறது என்று தகவல் வந்தது; அவனை அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். முல்லைத்தீவுக்கு மருந்து போயாயிற்று. அங்கே அவசரமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்றவர்கள் பார்த்தது வேறு.

விமானம் நந்திக்கடலின் மேலே திரும்பியபோது அதன் வலது பக்கம் அவர்களுக்கு நேரே தெரிந்தது. கதவு திறந்ததைக் கிறகோரி கண்டான். அதிலிருந்து வெள்ளையாக ஒன்று வெளியே வந்து, காற்றில் ஒருமுறை புரண்டு, கீழே விழுந்ததையும் கண்டான். பிறகு, கொஞ்சத் தூரம் போய், விமானம் மூக்குக் குத்திக் காட்டுக்குள் இறங்குவது போலிருந்தது. மழை வந்து மறைத்தது. அது மறுபடி எழும்பியதை அவர்கள் காணவில்லை.

"துணியடா," என்றான் கொன்ஸ்ரன்ரைன். "போர்த்தியிருந்த துணி. ஆளெண்டா அப்பிடிப் பறந்து பறந்து விழாது."

கிறகோரி வள்ளத்தை இழுத்து நந்திக்கடலில் தள்ளினான். தமையனும் ஏறினான். வெள்ளம் மரங்களையும் செத்த மாடுகளையும் கொண்டுவந்து கடல்வாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அன்று முழுதும், அடுத்த நாளும் தேடினார்கள். விரிப்புக்கூட அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

"நான் வவுனியாவுக்குப் போறன்," என்றான் கிறகோரி.

"தெரு இல்லையடா. கழுத்தளவு தண்ணி."

"நீந்திப் போறன்."

கொன்ஸ்ரன்ரைன் தடுத்துப் பார்த்தான், முடியவில்லை. கிறகோரி சாரத்தை மடித்துக் கட்டி, கொஞ்சம் கருவாட்டை இலையில் சுற்றி இடுப்பில் முடிந்துகொண்டு போனான். உடைந்த பாலங்களை நீந்திக் கடந்தான். தெரு வெளித்த இடங்களில் அவன் நேராக நடக்கவில்லை. விமானம் போன திசையை உத்தேசமாக வைத்துக்கொண்டு, காட்டுக்குள் இறங்கி மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தான். முறிந்த கொப்புகளைக் கண்டால் நின்றான். எல்லாம் காற்றில் முறிந்தவை. யானைகள் நின்ற ஓரிடத்தில் மரத்தில் ஏறி இருந்தான். நெடுங்கேணியில் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்த சனம் அவனுக்குக் கஞ்சி கொடுத்தது.

"எங்கை போறாய் தம்பி?" என்று ஒருவர் கேட்டார்.

"வவுனியாவுக்கு."

"ஆரும் இருக்கினமோ?"

"தெரியாது," என்றான் கிறகோரி.

நடக்கும்போது அவன் திரும்பத் திரும்பத் தன் கையைப் பார்த்துக்கொண்டான். பிடியைத் திருப்பிய கை. அது திரும்பியபோது ஒரு சத்தம் கேட்டதா, கேட்கவில்லையா என்று நினைவுபடுத்திப் பார்த்தான். சில வேளை கேட்டது போலிருந்தது. அவளைப் பலகையோடு சேர்த்துக் கட்டியதும் தான்தான் என்பது அவனுக்கு வழி முழுவதும் ஒருமுறைகூட நினைவு வரவில்லை.

வவுனியாவுக்கு வந்ததும் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கே போய் இல்லை என்ற சொல்லைக் கேட்க அவனுக்குக் காலெழவில்லை. விமானம் நிற்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு அங்கே போனான். காட்டுக்குள் விழுந்திருக்கும் என்று அவன் நினைத்த விமானம் முழுசாக நின்றது. அதைக் கண்டபோது அவனுக்கு ஆறுதல் வரவில்லை. விமானம் வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் விழுந்தது அவள் மட்டும்தான் என்று நினைத்தான்.

பரமலிங்கம் இறக்கையில் ஏணி சாத்தி ஏறிப் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருந்தான். கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தான். தாடி முளைத்து, உடம்பெல்லாம் முள்ளுக் கீறலாக ஒருவன் நின்று, வலது கதவின் பிடியைத் திருப்புவதும் விடுவதுமாக இருந்தான்.

"ஆர் அது?"

"முல்லைத்தீவு ஐயா."

பரமலிங்கம் அடையாளம் கண்டான். சிரித்துக்கொண்டே ஏணியால் இறங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாரையும் பார்த்துவிட்டு, தன்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று எண்ணினான். "எப்பிடி வந்தனீ? தெரு திறந்திட்டுதோ?"

கிறகோரி பிடியை விட்டான். "ஐயா, கதவைச் சாத்தினது நான்தான். உங்களிலை பிழை சொல்ல வரேல்லை. எவ்விடத்திலை விழுந்தவா எண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் போய் எடுக்கிறன்."

"ஆர் விழுந்தது?"

"என்ரை மனிசி."

பரமலிங்கத்துக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. கடற்கரை, திறந்த கதவு, காற்றில் போன வெள்ளை விரிப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, இவன் நின்ற இடத்தில் நின்று பார்த்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்பது கடைசியில்தான் வந்தது.

"தம்பி, விழுந்தது விரிப்பு. துணி. உன்ரை மனிசி ஆஸ்பத்திரியிலை இருக்கிறா."

கிறகோரி திறந்த கதவால் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"உயிரோடை இருக்கிறா. பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு. நேற்றும் போய்ப் பாத்தனான்."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"ஓம். கஞ்சி குடிச்சுக்கொண்டிருந்தவா."

கிறகோரி இறக்கையின் கீழே ஈரப்புல்லில் உட்கார்ந்தான். முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டான். அழுகிறானா என்று பரமலிங்கத்துக்குத் தெரியவில்லை. தோளைத் தொடப் போய், தொடாமல் நின்றான். வெகு நேரத்துக்குப் பிறகு கிறகோரி தலை நிமிர்ந்தபோது அவனுடைய முகத்தில் இருந்தது சந்தோசம் இல்லை, கோபம்.

"ஒருக்கா வந்து சொல்லியிருக்கலாமே ஐயா. இறங்கக்கூடத் தேவையில்லை. மேலாலை ஒருக்கா வந்து கையைக் காட்டியிருந்தாலே காணும். நான் தண்ணிக்குள்ளை அவாவைத் தேடினனான்."

பரமலிங்கத்திடம் மழை, அக்கராயன், உத்தரவு என்று காரணங்கள் இருந்தன. ஆனால் உண்மை அதுவல்ல. கீழே ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவனுக்கு நினைவிலேயே வரவில்லை.

"பிழைதான்," என்றான். "வா, சைக்கிளிலை ஏறு."

கிறகோரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பரமலிங்கம் ஆஸ்பத்திரிக்கு மிதித்தான்.

விமலேஸ்வரி வார்ட்டு வாசலில் நின்றாள். தெரு திறக்கும்வரை அவளும் அங்கேயே வேலை செய்துகொண்டிருந்தாள். கிறகோரியைக் கண்டதும், "கடைசிக் கட்டில்," என்று மட்டும் சொல்லி வழிவிட்டாள்.

யூலிற்றா சுவரில் சாய்ந்து இருந்தாள். மெலிந்திருந்தாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"எங்கை இவ்வளவு நாளும் போனனீங்கள்? எல்லாருக்கும் ஆக்கள் வந்து பாத்திட்டுப் போகினம். எனக்கெண்டு ஒரு ஆள் இல்லை."

"உன்னைத் தேடினனான்."

"என்னை எங்கை தேடினனீங்கள்?"

"நந்திக்கடலுக்குள்ளை."

அவன் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவள் முதலில் கண் கலங்கினாள். பிறகு காட்டில் மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்த கதையில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சொல்லாதேங்கோ, சொல்லாதேங்கோ," என்றாள்.

"பயமா இருக்கேல்லையோ உனக்கு?"

"எனக்கென்ன தெரியும்? பிளேனெண்டா கதவு அப்பிடித்தான் ஆடுமெண்டு நினைச்சன். மிஸி அடுத்த நாள்தான் சொன்னவா. கேட்ட பிறகுதான் பயம் வந்தது."

குழந்தை பக்கத்தில் சுற்றிக் கிடந்தது. கிறகோரி துணியை விலக்கிப் பார்த்தான். வலது கை தோளிலிருந்து விரல்வரை கறுத்து வீங்கியிருந்தது. அவன் அதைத் தொடப் பயந்தான்.

"வத்திப்போகுமாம். டொக்டர் சொன்னவர்," என்றாள் யூலிற்றா. "பிறந்த அண்டைக்குத் தங்காதெண்டு நினைச்சு, எங்கடை சமயத்து மிஸி ஒராள் அவசரமாத் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துப் பேரும் வைச்சிட்டா. கிறேஸ் எண்டு. நான் மயக்கத்திலை கிடந்தன். ஆரும் கேக்கேல்லை."

"நாங்கள் வேறை பேரெல்லே நினைச்சிருந்தது?"

"இனி மாத்தேலாது."

கிறகோரி யோசித்தான். "அப்ப இருக்கட்டும்," என்றான். சுவரோரம் நிலத்தில் உட்கார்ந்தான். அப்படியே தூங்கிப்போனான். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தபோது பணிவிடைக்காரன் எழுப்ப வந்தான். விமலேஸ்வரி வேண்டாமென்று கை காட்டினாள்.

அடுத்த நாள் காலை வானம் வெளித்திருந்தது. பரமலிங்கத்துக்கு அக்கராயனுக்குப் போகவே உத்தரவு. அவன் மாச் சாக்குகளை ஏற்றுவித்தான். ஒன்றை மட்டும் புறம்பாக வைத்து, அதன்மேல் தாரால் பெரிய எழுத்தில் எழுதினான். கதவுகளை இரண்டு பக்கமும் சுற்றிப் போய்த் தன் கையாலேயே சாத்தி இழுத்துப் பார்த்தான். பிறகு ஏறி, வடமேற்கே போகவேண்டிய விமானத்தை வடகிழக்கே திருப்பினான்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் சனம் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தது. விமானம் தாழ வந்து, ஒரு சாக்கைப் போட்டுவிட்டு, இன்னொருமுறை சுற்றி வந்து இறக்கைகளை ஆட்டிவிட்டுப் போனது. சாக்கு விழுந்த வேகத்தில் ஒரு பக்கம் வெடித்து மணலில் மா கொட்டியது. கொன்ஸ்ரன்ரைன் ஓடிப்போய் அதைப் புரட்டினான். எழுத்து நன்றாகத் தெரிந்தது. தாயும் பெண்பிள்ளையும் சுகம், கிறகோரி வந்து சேர்ந்தான் என்று இருந்தது. அவன் அதை முதலில் தனக்குள் வாசித்தான். பிறகு சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கச் சத்தமாக வாசித்தான். பெண்கள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு மணல் படாத மாவை அள்ளி எடுத்து வீட்டுக்கு வீடு பங்கிட்டார்கள்.